பாதுவான்ஜின்: கற்கும் வரிசை, செய்யும் முறை, வழக்கமான பிழைகள் – முழுமையான வழிகாட்டி

சீனாவின் சீகுங் பயிற்சிகளில் (மெதுவான அசைவும் மூச்சும் கவனமும் சேர்ந்தவை) அதிகம் பேர் செய்பவற்றில் ஒன்று பாதுவான்ஜின். மொத்தம் எட்டே அசைவுகள், பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். ஒரு காணொளியை நாலு தடவை பார்த்தால் அசைவுகள் மனப்பாடமாகிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. முதல் நாளே எட்டையும் செய்து, கூடவே மூச்சையும் பிடித்து, "சீ (உடலில் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் உயிர்ச்சக்தி) ஓடுவது தெரிகிறதா" என்று தேட ஆரம்பிப்பவர்கள் மூன்றாவது வாரத்தில் முழங்கால் வலி, தலைசுற்றல் என்று நிறுத்திவிடுகிறார்கள்.

சீன ஆசிரியர்கள் சொல்லித்தரும் வரிசையில் முதலில் உடலை ஒழுங்கு செய்வது, அடுத்து மூச்சு, கடைசியில் மனம். இந்த வழிகாட்டியும் அப்படியே போகிறது. எட்டு அசைவுகளும் இங்கே செய்யும் வரிசையில் இல்லை, கற்க எளிதான வரிசையில் உள்ளன. அடைப்புக்குள் இருக்கும் எண், முழுப் பயிற்சியில் அந்த அசைவு வரும் இடம்.

1. எந்த வடிவம், எதற்காக

பாதுவான்ஜினுக்கு உட்கார்ந்து செய்யும் வடிவமும் உண்டு, நின்று செய்யும் வடிவமும் உண்டு. சோங் அரசமரபுக் காலத்தில் ஹோங் மாய் தொகுத்த நூலில், 1117இல் லீ என்ற அதிகாரி நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சுப் பயிற்சியும் தேய்த்துவிடுதலும் செய்ததாகவும், அதன் பெயர் பாதுவான்ஜின் என்றும் குறிப்பு இருக்கிறது. படைத்தலைவர் யுவே ஃபே தன் வீரர்களுக்காக இதை உருவாக்கினார் என்று பல இடங்களில் எழுதப்படுவது வெறும் வழக்குக் கதை. அவர் பிறந்தது 1103இல். அந்தக் குறிப்பின் காலத்தில் அவர் பதினான்கு வயதுப் பையன்.

இந்தப் பழைய கணக்கு இங்கே தேவைப்படுவதற்கு ஒரே காரணம், ஆசிரியருக்கு ஆசிரியர் அசைவு மாறுவது ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான். பல கிளைகள் இருந்தன, எல்லாமே பாதுவான்ஜின்தான். இரண்டு கிளைகளைக் கலந்து கற்றால் கால் ஒரு கணக்கிலும் கை வேறொரு கணக்கிலும் போகும். சீன அரசின் விளையாட்டுத் துறை 2003இல் வெளியிட்ட நின்று செய்யும் தரப்படுத்தப்பட்ட வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளின் வகுப்புகளில் இது பொருந்தும். கீழே இருப்பதும் அதுதான்.

நோக்கத்தைச் சீன மருத்துவத்தின் மொழியில் சொன்னால், உடலின் தடங்களில் சீ தேங்காமல் ஓட வேண்டும். அதற்காக நீட்டுகிறோம், முறுக்குகிறோம், அழுத்தித் தளர்த்துகிறோம். அசைவுகளின் பெயர்கள் ஒரு பாட்டின் வரிகளாக வரும்; அவற்றில் சில வரிகள் ஓர் உறுப்பைச் சொல்லும். அந்த "மண்ணீரல்", "சிறுநீரகம்" எல்லாம் ஸ்கேனில் தெரியும் உறுப்புகள் அல்ல, செயல்பாடுகளின் தொகுப்பு. மண்ணீரல் என்றால் பெரும்பாலும் செரிமானம். சிறுநீரகம் என்றால் இடுப்பு, எலும்பு, முதுமைக்கான இருப்புச் சக்தி. இதைப் புரிந்துகொள்ளாமல், சிறுநீரகக் கோளாறுக்கு ஆறாம் அசைவு மருந்து என்று நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் கொடுத்ததைத் தொடர்ந்தபடியேதான் இதைச் செய்ய வேண்டும்.

2. தொடங்கும் முன்

இடம்: இரண்டு கையையும் பக்கவாட்டில் முழுதாக விரித்து, ஒரு எட்டு நகர முடிகிற அளவு போதும். தரை சமமாக இருக்க வேண்டும். தடித்த மெத்தை விரிப்பு வேண்டாம். பாதம் அமுங்கினால் கணுக்கால் ஆடும்.

காலணி: வெறுங்கால், அல்லது தட்டையான மெல்லிய அடி. குதிகால் உயர்ந்த ஓட்டக் காலணி போட்டால் எடை முன்னால் தள்ளப்பட்டு முழங்காலில் விழும்.

நேரம்: சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெறும் வயிற்றில் தலைசுற்றும் பழக்கம் உள்ளவர்கள் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுச் செய்யலாம்.

சிலர் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கண் நீர் அழுத்த நோய், முதுகெலும்புத் தட்டு பிதுங்கல், எலும்புத் தேய்வு, தலைசுற்றல் நோய், கர்ப்பம் ஆகியவை இருந்தால் குறிப்பாக ஐந்து, ஆறு, எட்டாம் அசைவுகளை அப்படியே செய்யக் கூடாது. மாற்று முறைகளை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

3. முதலில் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பாதங்களைச் சேர்த்து நில்லுங்கள். எடையை வலது காலுக்கு மாற்றி, இடது காலைத் தோள் அகலத்துக்கு நகர்த்துங்கள். பாத விரல்கள் நேர் முன்னால் பார்க்கட்டும். கைகளைப் பக்கவாட்டில் இடுப்பு உயரத்துக்கு உயர்த்தி, முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டே, அடிவயிற்றுக்கு முன்னால் ஒரு பெரிய பந்தை அணைப்பதுபோல் கொண்டுவாருங்கள். உள்ளங்கை வயிற்றைப் பார்க்கும். இரு கை விரல் நுனிகளுக்கும் இடையே சுமார் பத்து சென்டிமீட்டர்.

இந்த நிலையில் இரண்டு நிமிடம் நிற்க முடிய வேண்டும். கீழிருந்து மேலாகச் சரிபாருங்கள். எடை பாதம் முழுவதும் பரவியிருக்கிறதா? முழங்கால் பூட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா? வால் எலும்பு கீழ்நோக்கித் தொங்குகிறதா, பிட்டம் பின்னால் தள்ளி நிற்கிறதா? தோள் காதுப் பக்கம் ஏறிவிட்டதா? அக்குளில் ஒரு முட்டை வைக்கும் அளவு இடைவெளி இருக்கிறதா? தாடை லேசாக உள்ளே வந்திருக்கிறதா?

தோள்தான் பெரும்பாலும் ஏறியிருக்கும். கையை "பிடித்து வைக்க" முயல்வதுதான் காரணம். முழங்கை கீழே தொங்க விட்டால் தோள் தானாக இறங்கும். இந்த ஒரு திருத்தத்தை இங்கேயே பழகாவிட்டால் எட்டு அசைவிலும் கழுத்து வலி கூடவே வரும்.

4. முதல் இரண்டு வாரம்: கால் அகட்டாத நான்கு அசைவுகள்

இரு கைகளால் வானத்தைத் தாங்குதல் (1)

கைகளை அடிவயிற்றுக்குக் கீழே இறக்கி விரல்களைக் கோர்த்துக்கொள்ளுங்கள், உள்ளங்கை மேல்நோக்கி. முழங்காலை நிமிர்த்தியபடி மார்பு வரை உயர்த்துங்கள். அங்கே உள்ளங்கையைத் திருப்பி வானத்தைப் பார்க்க வைத்து மேலே தள்ளுங்கள். கண் கையைத் தொடரும். முழங்கை நிமிரும் கடைசிக் கட்டத்தில் தாடையை இறக்கி நேரே பாருங்கள். இரண்டு நொடி அப்படியே நில்லுங்கள். பிறகு விரல்களைப் பிரித்து, பக்கவாட்டு வழியாகக் கையை இறக்கி, முழங்காலை மடக்குங்கள். ஆறு முறை.

அந்த இரண்டு நொடியில் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். கை மேலே போனதும் வேலை முடிந்ததாக நினைத்துத் தளர்ந்துவிடுவது வழக்கமான பிழை. தாடை இறங்கும் அதே நேரத்தில் உள்ளங்கை இன்னும் ஒரு விரற்கடை மேலே போக வேண்டும். விலா எலும்புகளுக்கு இடையே இழுபடுவதை உணர்ந்தால் சரி. மார்பும் வயிறும் சேர்ந்து நீள்வதற்காகத்தான் இது முதலில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு கையை உயர்த்துதல் (3)

இடது கை முகத்துக்கு முன்னால் ஏறி, தலைக்கு இடது மேற்புறம் உள்ளங்கை வானத்தைப் பார்க்க நிற்கும், விரல்கள் வலப்பக்கம். அதே நேரம் வலது கை வலது இடுப்பருகே தரையை அழுத்தும், விரல்கள் முன்னால். இரண்டு கையிலும் பலம் உள்ளங்கையின் அடிப்பகுதியில் இருக்கட்டும். முழங்கை மிக லேசாக மடங்கியிருக்கும். பக்கத்துக்கு மூன்று முறை, மாறி மாறி.

மேலே தள்ளும் கையை மட்டும் நினைத்துக் கீழ்க்கையை மறந்தால் உடல் ஒரு பக்கம் சாயும். இரண்டும் எதிரெதிராகத் தள்ளும்போதுதான் வயிற்றுப் பகுதி நீள்கிறது. செரிமானத்துக்கு என்று இதைச் சொல்வதன் காரணமும் அதுவே. சந்தேகமிருந்தால் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு இடுப்பெலும்பும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்னால் திரும்பிப் பார்த்தல் (4)

முழங்காலை நிமிர்த்திக் கைகளைப் பக்கவாட்டில் கீழ்நோக்கி நீட்டுங்கள். கைகளை முழுதாக வெளிப்பக்கம் சுழற்றுங்கள், உள்ளங்கை வெளியே பார்க்கட்டும். கூடவே தலை இடப்பக்கம் திரும்பி, கண் இடது பின்பக்கத்தைப் பார்க்கும். சற்று நிறுத்தி, கைகளை உள்ளே சுழற்றி, முழங்காலை மடக்கி, இடுப்பருகே அழுத்துங்கள். பிறகு வலப்பக்கம். பக்கத்துக்கு மூன்று.

திரும்ப வேண்டியது கழுத்து மட்டும். தோளும் இடுப்பும் நேரே இருக்கும். அதிகம் பார்க்க ஆசைப்பட்டு உடம்பையே திருப்பினால், கை சுழற்சியால் மார்பு திறப்பதும் தோள்பட்டை எலும்புகள் நெருங்குவதும் நடக்காது. நாள் முழுக்க கணினி முன்னால் உட்காருபவர்களுக்கு எட்டில் மிகவும் பயன்படுவது இதுதான் என்பது எங்கள் கருத்து.

குதிகாலை உயர்த்தி இறக்குதல் (8)

பாதங்களைச் சேர்த்து, குதிகாலை உயர்த்தி, உச்சந்தலையால் மேலே தள்ளுங்கள். பாத விரல்கள் தரையைப் பற்றட்டும். இரண்டு நொடி நின்று இறங்குங்கள். கடைசி ஒரு விரற்கடை உயரத்தில் மட்டும் குதிகாலை விட்டு, தரையில் மெல்லத் தட்ட விடுங்கள். ஏழு முறை.

இறங்கும்போது பல் லேசாகச் சேர்ந்திருக்க வேண்டும். வாய் திறந்திருந்தால் அதிர்வு தாடையில் விழும். முழு உயரத்திலிருந்து தொப்பென்று விடுவது இந்த அசைவின் பெரிய தவறு. அந்த அதிர்வு முதுகுத்தண்டு வழியாகத் தலைக்குப் போகும். எலும்புத் தேய்வு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தட்டாமல் மெதுவாக இறக்கினால் போதும். தடுமாறினால் சுவரில் ஒரு விரலை வையுங்கள். சமநிலையைப் பழக்குவதும் இதன் வேலைதான் என்பதால், முழுதாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

5. மூன்றாம் வாரம்: குதிரை நிலை

எட்டில் மூன்று அசைவுகள் குதிரை நிலையில் நடக்கின்றன. இது சரியாக அமையாமல் அவற்றைத் தொடங்கக் கூடாது. முழங்கால் கெடுவது இங்கேதான்.

உங்கள் பாத நீளத்தைப் போல் இரண்டு மடங்கு இடைவெளியில் காலை அகட்டுங்கள். பழகியவர்கள் மூன்று மடங்கு வரை போகலாம். விரல்கள் நேர் முன்னால். உட்காருவதுபோல் இறங்குங்கள். தரப்பட்ட அளவு, தொடை கிடைமட்டத்துக்குச் சற்று மேலே நிற்பது. முதல் மாதத்தில் அதில் பாதி ஆழம் போதும்.

குனியாமல் கண்ணை மட்டும் இறக்கிப் பாருங்கள். முழங்காலைத் தாண்டிப் பெருவிரல் நகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முழங்கால் முன்னால் போய்விட்டது. இடுப்பைச் சற்றுப் பின்னால் இறக்குங்கள். முழங்கால் உள்பக்கம் சரிந்தால் அகலத்தைக் குறையுங்கள், சேர்த்துப் பிடிக்க முயலாதீர்கள். முழங்கால் பாதத்தின் இரண்டாவது விரல் போகும் திசையிலேயே மடங்க வேண்டும்.

தொடை எரிவது இயல்பு. முழங்கால் மூட்டுக்குள் குத்துவது இயல்பல்ல. குத்தினால் உயரமாக நில்லுங்கள். ஆழத்துக்காக வலியைத் தாங்குவதில் எந்தப் பலனும் இல்லை.

6. நான்காம் வாரம்: வில்லும் முட்டியும்

வில்லை இழுத்துக் கழுகை எய்தல் (2)

இடப்பக்கம் கால் எடுத்து வைத்து, கைகளை மார்புக்கு முன்னால் குறுக்காக வையுங்கள், இடது கை வெளியே. குதிரை நிலைக்கு இறங்கிக்கொண்டே வலது கை விரல்களைக் கொக்கிபோல் மடக்கி வலது தோள் முன்புவரை இழுங்கள். இடது கையில் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் விரிந்து நிற்கும், மற்ற மூன்றும் மடங்கும். மணிக்கட்டை நிமிர்த்தி இடப்பக்கம் தோள் உயரத்தில் தள்ளுங்கள். பார்வை ஆட்காட்டி விரலைத் தாண்டிப் போகட்டும். இரண்டு நொடி. பிறகு எடையை வலப்பக்கம் மாற்றி, கைகளைத் திறந்து, காலைச் சேருங்கள். மறுபக்கம் இதே கணக்கு. பக்கத்துக்கு மூன்று.

நாண் இழுக்கும் கை தளர்ந்து தொங்குவதும், தள்ளும் கைப் பக்கம் உடல் சாய்வதும் பொதுவான பிழைகள். இழுக்கும் முழங்கை தோள் உயரத்துக்கு வந்தால் இரண்டும் ஒன்றாகச் சரியாகும்.

முட்டி (முஷ்டி) மடக்கி விழித்துப் பார்த்தல் (7)

குதிரை நிலையில், கட்டை விரலை உள்ளே வைத்து, அதன் நுனி மோதிர விரலின் அடியைத் தொட முட்டி மடக்கி, இடுப்பருகே வையுங்கள். இடது முட்டியை மெதுவாக, பலத்தோடு, தோள் உயரத்துக்கு முன்னால் தள்ளுங்கள். கண் அகல விரிந்து முட்டியைப் பார்க்கும். பிறகு முட்டியைத் திறந்து, கட்டை விரல் கீழே போகக் கையை உள்ளே சுழற்றி, வெளியே வளைத்துத் திருப்பி, உள்ளங்கை மேலே வந்ததும் மறுபடி முட்டி மடக்கி இடுப்புக்கு இழுங்கள். பக்கத்துக்கு மூன்று.

இது குத்துச்சண்டை வேகம் அல்ல. தள்ளும்போது முன்கை விலாவை உரசிக்கொண்டு போக வேண்டும், முழங்கை வெளியே பறக்கக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் விழிக்காமல் சாதாரணமாகப் பார்க்கட்டும். மூச்சை அடக்கவே கூடாது.

7. ஐந்தாம் வாரம்: பாதத்தைப் பற்றுதல் (6)

கைகளை முன்னால் உயர்த்தித் தலைக்கு மேலே நீட்டுங்கள். மார்புவரை அழுத்தி இறக்கி, உள்ளங்கையைத் திருப்பி, விரல்களை அக்குள் வழியாகப் பின்னால் கொண்டுபோங்கள். முதுகுத்தண்டின் இரு பக்கமும் தேய்த்தபடி பிட்டம்வரை இறங்கி, அதன் பிறகு குனிந்து, கால்களின் பின்புறமாகப் பாதம்வரை போங்கள். தலையைச் சற்று நிமிர்த்தி ஒரு கணம் நில்லுங்கள். எழும்போது கைகளைத் தரையோடு முன்னால் நீட்டி, கை இழுக்க உடல் தொடர்ந்து எழட்டும். ஆறு முறை.

எழும் வரிசைதான் இதன் உயிர். முதலில் முதுகை நிமிர்த்திவிட்டுக் கையைப் பிறகு தூக்குபவர்களுக்கு இடுப்பில் இறுக்கம் வரும். கை முன்னால் போனால் முதுகு முழுவதும் நீண்டு, எடை பாதத்தின் நடுவில் நிற்கும்.

யோகாசனம் பழகியவர்கள் இங்கே நெற்றியை முழங்காலில் வைக்கப் பார்ப்பார்கள். தேவையில்லை. முழங்கால் நிமிர்ந்திருக்க, கை எட்டும் இடம் முழங்காலுக்குக் கீழே எதுவானாலும் சரி. தட்டு பிதுங்கல், எலும்புத் தேய்வு, கண் அழுத்தம் உள்ளவர்கள் தொடைவரை தேய்த்து, முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து லேசாகச் சாய்வதோடு நிறுத்துங்கள்.

8. ஆறாம் வாரம்: தலையை அசைத்து வாலை ஆட்டுதல் (5)

எட்டில் கடினமானது. மற்ற ஏழும் வந்த பிறகே தொடுங்கள்.

அகன்ற குதிரை நிலையில் கைகளைத் தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே வையுங்கள். சிறு விரல் பக்கம் முன்னால், முழங்கை லேசாக மடங்கி. சற்று எழுந்து எடையை வலப்பக்கம் மாற்றி, உடலை வலப்பக்கம் சாய்த்துக் குனியுங்கள். பார்வை வலது பாதத்தில். அங்கிருந்து முன்னால் வழியாக இடப்பக்கம் சுழலுங்கள், எடையும் இடது காலுக்குப் போகும், கண் இன்னும் வலது பாதத்திலேயே இருக்கும். பிறகு வால் எலும்பு வட்டமிட, தலை பின்னால் மெல்ல உருண்டு, உடல் நிமிர்ந்து நடு நிலைக்கு வரும். தாடையை உள்ளே வாங்குங்கள். மறுபக்கம். பக்கத்துக்கு மூன்று.

தலையைச் சுழற்றுவதாக நினைத்துச் செய்பவர்களுக்குத்தான் சுற்றல் வருகிறது. சுழற்சி வால் எலும்பில் தொடங்கி முதுகு வழியாக ஏறி, கடைசியாகத் தலைக்கு வர வேண்டும். கைகளைத் தொடையில் வைத்து இடுப்பை மட்டும் வட்டமாகச் சுற்றி, தலையை அசைக்காமல் நாலைந்து நாள் பழகினால் இது பிடிபடும். கையால் தொடையை அழுத்தி உடல் எடையைச் சுமத்த வேண்டாம். கை அங்கே வெறுமனே இருக்கிறது, அவ்வளவுதான்.

தலைசுற்றல் அல்லது கழுத்து எலும்புத் தேய்வு உள்ளவர்கள் தலை பின்னால் போகும் பகுதியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் எடை மாற்றுவதோடு நிறுத்தலாம்.

9. மூச்சு: ஏழாம் வாரத்திலிருந்து

அதுவரை மூச்சு அதன் போக்கில் போகட்டும். அசைவு தடுமாறும்போது மூச்சையும் கட்டினால் மார்பு இறுகி, படபடப்பு வரும்.

விதி எளிது. உயர்த்தும்போதும் திறக்கும்போதும் உள்ளே, இறக்கும்போதும் மூடும்போதும் வெளியே. ஏழாம் அசைவில் மட்டும் தள்ளும்போது வெளியே, இழுக்கும்போது உள்ளே. மூக்கு வழியாகவே. இரண்டு நொடி நிற்கும் இடங்களில் மூச்சு இயல்பாகத் தாமதிக்கும். அதை நீட்டிப்பிடிக்காதீர்கள்.

ஆறாம் அசைவு நீளமானது, ஒரே மூச்சில் அடங்காது. நடுவில் ஒரு சிறு மூச்சு எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. மூச்சுக்காக அசைவை வேகப்படுத்துவதுதான் தவறு.

10. மனமும் முடிவும்

ஆரம்பத்தில் கவனம் அசைவின் வரிசையில் இருக்கும். வரிசை பழகியதும் பலம் சேரும் இடத்தில் வையுங்கள்: மூன்றாம் அசைவில் உள்ளங்கையின் அடி, இரண்டில் ஆட்காட்டி விரல், எட்டில் உச்சந்தலை. உள்ளங்கையில் சூடு, விரல் நுனியில் துடிப்பு இவை வந்தால் வரட்டும். தேடிப் போனால் தோள் மறுபடி இறுகும்.

எட்டும் முடிந்ததும் கைகளைப் பக்கவாட்டில் இடுப்பு உயரத்துக்கு உயர்த்தி, தொப்புளுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். வழக்கப்படி ஆண்களுக்கு இடது கை உள்ளே, பெண்களுக்கு வலது கை உள்ளே. ஆறேழு மூச்சு அப்படியே நில்லுங்கள். வியர்வையோடு உடனே மின்விசிறி அடியில் போகாதீர்கள், குளிர்ந்த நீரும் குடிக்காதீர்கள் என்பது சீனப் பயிற்சிக் கூடங்களின் பொதுவான அறிவுரை.

11. நேரமோ உடம்போ இடம் கொடுக்காத நாள்

எட்டையும் அவசரமாக ஓட்டுவதைவிட 1, 3, 4, 8 ஆகிய நான்கை முழு நிதானத்தில் செய்யுங்கள். ஆறு நிமிடம் ஆகும்.

நிற்க முடியாதவர்கள் கைப்பிடி இல்லாத நாற்காலியின் முன்பாதியில், பாதம் இரண்டும் தரையில் பதிய உட்கார்ந்து 1, 2, 3, 4, 7 ஆகிய அசைவுகளைச் செய்யலாம். கால் அசைவு மட்டும் இருக்காது, கையும் பார்வையும் அப்படியே. எட்டாம் அசைவுக்குப் பதிலாக, உட்கார்ந்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஐந்தாம், ஆறாம் அசைவுகளை நாற்காலியில் முயல வேண்டாம். குனியும்போது நாற்காலி முன்னால் சரியும்.